இரண்டாவது பொட்டலம்

முதலில் வந்தது வெள்ளைதான். இதை இந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டால் என்ன? முகத்தைப் பார்த்தால் சொல்லலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்ட நாற்பது நாட்களைப் பற்றிக் கேட்டால்? வாய்வரை வருவதும் தொண்டைக்குள் இறங்குவதுமாக இதே வேலையாகப் போயிற்று எனக்கு.

உலகம்மாள் இப்படி மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கையில், எதிரே உட்கார்ந்திருந்த ஹமீதா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தாள். திரை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லாம் ஒரே நீலம்.

“எண்ண வேண்டாம் மேடம். மொத்தம் ஆயிரம். ஆயிரமும் தென்கால்தான்” என்றாள் ஹமீதா.

பக்கத்து நாற்காலியில் இருந்த செயற்பொறியாளர் சிதம்பரதாணு நெஞ்சைத் தடவிக்கொண்டார். “நான் அன்னைக்கே சொன்னேம்லா, ஒண்ணும் வராதுன்னு? நீதான் கெடந்து உருகிக்கிட்டிருந்த. இனிமேலாவது ஒரு வாய்ச் சோத்த ஒழுங்காத் தின்னும்மா.”

உலகம்மாள் கன்னிமடை அணையின் உதவிப் பொறியாளர். நாற்பது நாட்களுக்கு முன்னால் வந்த பெருவெள்ளத்தில் தென்கால் ஷட்டரைத் திறந்தவள் அவள்தான். கால்வாய்க் கரை உடைந்து கூவைக்குளம் என்ற ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள். அதற்கான விசாரணைதான் பாளையங்கோட்டையில் இன்று மத்தியானம் மூன்று மணிக்கு. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது ஹமீதாவின் பரிசோதனைக்கூடம்.

“இதுக்கு என்ன அர்த்தம்னு நான் என் வாயால மேடத்துக்குச் சொல்லியாகணும் சார். அது விதி” என்ற ஹமீதா, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் இல்லாமல் நிதானமாகவே சொன்னாள். “பொத்தானை அழுத்தறதுக்கு ஏழு நொடிக்கு முன்னாடி உங்க மூளை எப்படி இருந்துச்சுன்னு உங்க நெத்திப்பட்டை பதிஞ்சு வச்சிருக்கு. அதே நிலையை மிஷினுக்குள்ள கட்டி, அங்கேருந்து ஆயிரம் தடவை ஓட விட்டோம். ஒரு தடவைகூட உங்க விரல் வடகால் பொத்தானுக்குப் போகலை. அந்த நேரத்துல உங்களால வேற எதையும் செஞ்சிருக்க முடியாது மேடம். முடியாததைச் செய்யலைன்னு யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது.”

“பாதிக்குப் பாதி வந்திருந்தா?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“அது சிதறல். உங்க தலைக்குள்ள சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி. தற்செயலா விழுந்ததுக்கு நீங்க எப்படிப் பொறுப்பாவீங்க?”

“அப்போ எப்படி வந்தா பொறுப்பு?”

ஹமீதா கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். “எப்படி வந்தாலும் இல்லை மேடம். அதுதான் இந்தச் சட்டத்தோட நல்ல குணமே.”

சட்டம் வந்து மூன்று வருடமாகிறது. பேருந்து ஓட்டுநர், மருத்துவர், அணைப் பொறியாளர் என்று பிறர் உயிரைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வேலை நேரத்தில் நெற்றிப்பட்டை கட்டவேண்டும். விபரீதம் நடந்தால் மறுஓட்டம். மறுஓட்டம் முடிந்தால் தெரிவின்மைச் சான்று. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாளே வேலைக்குப் போகலாம். தொடக்கத்தில் எல்லோருக்கும் இது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு மெல்லமெல்ல ஒரு பழக்கம் உதிர்ந்தது. அறுவைச் சிகிச்சை தவறினால் மருத்துவர் வெளியே வந்து உறவினர் முன்னால் நிற்பதில்லை. சான்றின் நகலை வார்டு வாசலில் ஒட்டிவிடுகிறார்கள். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்புக் கூடிப்போனால்கூடச் சமையல்காரர், “எனக்கு அப்படி ஓடிட்டுய்யா” என்று கையை விரித்துவிட்டுப் போகிறார். உலகம்மாளும் ஒருமுறை பால்காரரிடம் அப்படிச் சொல்லிச் சிரித்ததுண்டு.

சிதம்பரதாணு யாருக்கோ நல்ல செய்தி சொல்லத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

“ஹமீதா, ஏழு நொடி போதாது” என்றாள் உலகம்மாள். “அதுக்குப் பதினோரு நிமிஷம் முன்னாடி போங்க.”

“அங்க என்ன மேடம்?”

சொல்லத் தொடங்கியதும், தான் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று பிற்பகல் மலையிலிருந்து அடித்துவந்த மரங்கள் ஆற்று மதகுகளில் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கிக்கொண்டன. மின்சாரம் இல்லை. இருந்த ஒரே ஜெனரேட்டர் ஒரு நேரத்தில் ஒரு ஷட்டரைத்தான் தூக்கும். தூக்கி முடிக்க இருபது நிமிடம். அரைமணி நேரத்துக்குள் எங்காவது தண்ணீரை விடாவிட்டால் அணையே போய்விடும். வடகாலில் விடலாம், அல்லது தென்காலில் விடலாம். எதில் விட்டாலும் கரை உடைந்து ஊருக்குள் போகும். கணக்குப் போட்டுச் சொல்லவேண்டிய இயந்திரம் இரண்டு பக்கமும் இழப்பு சமம் என்றது. பொத்தானை மனிதர்தான் அழுத்தவேண்டும் என்பது விதி.

வடகால் போகிற வழியில் இருப்பது வடமலைப்பேரி. அங்கே அவள் தங்கை பிரம்மசக்தி, தங்கையின் இரண்டு பெண்கள். தொலைபேசிக் கோபுரங்கள் விழுந்துவிட்டதால் அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா, மேட்டுக்குப் போய்விட்டார்களா என்று தெரியாது. தென்காலில் கூவைக்குளம். அங்கே அவளுக்கு ஒரு டீக்கடையைத் தவிர யாரையும் தெரியாது. ஒரு கரையில் சொந்தக்காரர் இருந்தால் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று விதிமுறை உண்டு. அந்த அடுத்தவர் ஆற்றுக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“என் மனசு எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியும் ஹமீதா. அதனால அதை நம்பக்கூடாதுன்னு நெனச்சேன். கன்ட்ரோல் ரூம்ல பிள்ளையார் படம் இருக்கு. காலையில வச்ச பூ இருந்துச்சு. நந்தியாவட்டை, செவ்வரளி. காலண்டர் தாளைக் கிழிச்சு ரெண்டு பொட்டலம் கட்டினேன். வெள்ளைன்னா வடகால். சிவப்புன்னா தென்கால்.”

“பூப்போட்டுப் பாத்தீங்களா?” ஹமீதாவின் குரல் தணிந்தது.

“குலுக்கிப் போட்டு எடுத்தேன். வெள்ளை வந்துச்சு.”

ஹமீதா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“அணையில லஸ்கர் ஆவுடையப்பன்னு ஒருத்தர், ஷட்டர் வேலை பாக்கறவர், அவர்தான் பக்கத்துல நின்னார். அவர் ஜெனரேட்டர் கைப்பிடியைப் புடிச்சு வடகால் பக்கம் திரும்பிட்டார். நான், ‘அண்ணாச்சி, இன்னொரு தரம் பாத்துடுவோம்’னேன். ‘ஒரு தரம் கேட்டா கேட்டதுதாம்மா. சாமிகிட்ட மறுபடி கேக்கப்படாது’ன்னார். நான் அவர் மூஞ்சியைப் பாக்காமலே பொட்டலத்தை மறுபடி மடிச்சேன். ரெண்டாவது தரம் சிவப்பு. உடனே எந்திரிச்சுப் போயிட்டேன். மூணாவது தரம் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை.”

“இதை நான் கேக்காத மாதிரி இருந்துடறேன் மேடம்” என்றாள் ஹமீதா.

“பட்டை கேட்டிருக்குமே.”

ஹமீதா நாற்காலியைத் திரையின் பக்கம் இழுத்துக்கொண்டாள். பதிவைப் பின்னோக்கி நகர்த்தத் தொடங்கினாள்.

“ரெண்டாவதும் வெள்ளையா வந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னும் பாருங்க.”

“அது நடக்கலையே மேடம்.”

“நடந்த மாதிரி காட்ட முடியாதா?”

“முடியும்” என்றாள் ஹமீதா, மனமில்லாமல். “ரெண்டு மணி நேரம் ஆகும்.”

வெளியே வேப்பமரத்தடியில் இருந்த சிமென்டு பெஞ்சில் உலகம்மாள் காத்திருந்தாள். தொலைபேசியில் தங்கை கூப்பிட்டாள்.

“என்னக்கா, முடிஞ்சிட்டா? சார் போன் பண்ணி ஆயிரத்துக்கு ஆயிரம்னு சொன்னாவ. இவளுவ ரெண்டு பேரும் பரிச்சையில நீ பாஸாயிட்டன்னு ஆடுதாளுவ.”

“இன்னும் கையெழுத்துப் போடல சக்தி.”

“போட்டுட்டு நேரா இங்க வந்துரு. உளுந்தங்களி கிண்டி வைக்கேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“வெயில்ல இருக்கேன்.”

தங்கையிடம் மட்டும் இதை ஒருநாளும் சொல்லக்கூடாது என்று தோன்றியது. சொன்னால், பாவம், உயிரோடு இருப்பதையே ஒரு தவறுபோல அவள் சுமந்து திரிவாள். சுமப்பதற்கு ஓர் ஆள் போதும்.

உலகம்மாள் அந்த இரண்டு மணி நேரமும் ஒன்றே ஒன்றுக்காகத்தான் ஏங்கினாள். ஆயிரத்தில் ஒரு கட்டம். ஒரே ஒரு கட்டம் நிறம் மாறி வரட்டும். அந்த ஒரு உலகம்மாள் வெள்ளைப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, வடகால் பொத்தானை அழுத்தட்டும். அப்படி ஒருத்தி எங்கோ இருந்தாள் என்றால் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். ‘நானும் அவளாக இருந்திருக்கலாமே’ என்று ஆயுள் முழுக்க அழலாம். அந்த அழுகையிலாவது ஒதுங்க ஒரு நிழல் இருக்கும்.

ஹமீதா அவளை உள்ளே அழைத்தபோது மணி இரண்டு இருபது.

“ரெண்டாவது பொட்டலம், ஆயிரத்துக்கு ஆயிரம்” என்றாள். “ஒருத்திகூட முதல் தரத்தோட நிக்கலை. ரெண்டாவதும் வெள்ளைன்னு காட்டினேன். ஆயிரம் பேரும் மூணாவது தரம் போட்டாங்க. மூணாவதும் வெள்ளைன்னு காட்டினேன். நாலாவது. ஆறாவதோட நான் நிறுத்திட்டேன் மேடம். எனக்கே பாக்க முடியலை.”

“சிவப்பு வர்றவரைக்கும்.”

“ஆமா.” ஹமீதா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா இது நல்ல சேதி மேடம். அங்கயும் உங்களுக்கு வேற வழி இல்லைன்னுதானே அர்த்தம்? அந்தச் சான்றுல ஒரு எழுத்துகூட மாறாது. நீங்க நிம்மதியா இருக்கலாம்.”

உலகம்மாள் நீலக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூ, தன் போக்கில் விழுந்தது. அதற்கு யாரையும் தெரியாது. வடமலைப்பேரியும் ஒன்றுதான், கூவைக்குளமும் ஒன்றுதான். அது வெள்ளையாக விழுந்ததோ சிவப்பாக விழுந்ததோ, அதில் அவள் இல்லை. பூவை விடாமல் மறுபடி மடித்த அந்த ஆயிரம் ஜோடிக் கைகளில்தான் அவள் இருந்தாள். ஆயிரத்தில் ஒருத்தி மாறியிருந்தால் அன்று நடந்தது ஏதோ தடுமாற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருத்தியும் மாறவில்லை. தங்கை வீட்டு வாசலை விட்டுக்கொடுக்க மாட்டாதவள் ஒருத்தி. எத்தனை முறை கேட்டாலும் அதே பதிலைச் சொல்கிறவள். அவளைவிட வேறு யாரை ‘நான்’ என்று சொல்வது?

“உங்களுக்கு ஏன் இது நிம்மதியா இருக்குன்னு புரியுது ஹமீதா” என்றாள். “எனக்கு அப்படி இல்லை.”

மேல்தளத்து வராந்தாவில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பருத்திச் சேலை, கையில் நீளமான கவர். உலகம்மாளைக் கண்டதும் எழுந்துகொண்டாள்.

“இஞ்சினியரம்மாதான? போட்டோவுல பாத்திருக்கேன். நான் ஜெபக்கனி. கூவைக்குளம் பால்வாடி டீச்சர்.”

அந்தப் பெயரை உலகம்மாள் விசாரணைத் தாளில் படித்திருக்கிறாள். இறந்த மூன்று பேரில் இருவர் இவளுடைய கணவரும் மகளும்.

“பால்வாடிப் பிள்ளைகளக் கோயில் மச்சுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டேன். இவங்க ரெண்டு பேரும் எங்க வீட்டு மாடியில பத்திரமாத்தான் இருந்தாங்க. கீழ கட்டிக்கெடந்த ஆட்ட அவுத்துவிட எறங்கியிருக்காங்க” என்றாள் ஜெபக்கனி. ஏற்கெனவே பலரிடம் சொல்லித் தேய்ந்துபோன குரல். பிறகு கவரிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். “இதப் படிங்க. மிஷின ஓட்டதுக்கு முந்தியே, போன வாரமே வந்துட்டு. ‘தங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு எவரும் காரணம் அல்லர் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ மகிழ்ச்சியுடனாம். எந்தப் புண்ணியவான் எழுதினானோ.”

“அவங்களுக்கு அப்படி ஒரு வாசகம் பழகிப்போச்சு.”

“ஜெபத்துல முட்டி போட்டா, ‘மன்னியும்’ங்கற எடத்துல வந்து நிக்கேன். யார மன்னிக்க? மழைய மன்னிக்கவா? மன்னிக்கதுக்கும் ஒரு ஆள் வேணும்லா. சாபம் போடதுக்கும் வேணும். எனக்கு ரெண்டுக்கும் ஆள் இல்லாம ஆக்கிட்டாங்க.”

உலகம்மாள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, நின்றபடியே, வடகால் பக்கம் தங்கை வீடு இருப்பதையும், பூப்போட்டதில் முதலில் வெள்ளை வந்ததையும் சொன்னாள். மறுபடி மடித்ததைச் சொன்னாள். சிவப்பு வருகிறவரைக்கும் போட்டிருப்பேன் என்பதையும் சொன்னாள். மன்னித்துவிடுங்கள் என்ற சொல் வாயில் வந்தது. அதைக் கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று விழுங்கினாள்.

ஜெபக்கனி மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

“தங்கச்சி சொகமா இருக்காங்களா?”

“இருக்கா.”

“எத்தன புள்ளைய?”

“ரெண்டு பொண்ணு.”

“மூத்தவ என்ன படிக்கா?”

“ஆறாப்பு.”

“எங்க பெனிட்டாவும் ஆறாப்புதான்” என்றாள் ஜெபக்கனி.

கடிதத்தைக் கவருக்குள் செருகிக்கொண்டாள்.

“எனக்குப் பெரிய மனசெல்லாம் கெடையாதும்மா. நெறைய நாளைக்கு உங்களத் திட்டுவேன்.”

“திட்டுங்க.”

“உங்க முழுப் பேரு என்ன?”

“உலகம்மாள்.”

ஜெபக்கனி அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் உள்ளேயிருந்து இருவரையும் கூப்பிட்டார்கள்.

விசாரணை அலுவலர் நல்ல மனிதர்போல இருந்தார். சான்றை முழுவதும் உரக்கப் படித்துவிட்டு, தாளை உலகம்மாள் முன் நகர்த்தினார். சிதம்பரதாணு தன் பேனாவின் மூடியைத் தானே திறந்து அவள் பக்கமாக வைத்தார். ஹமீதா சுவரோரம் நின்றாள். ஜெபக்கனி கடைசி வரிசையில்.

உலகம்மாள் தாளில் விரல் வைத்துப் படித்தாள். “‘மேற்படிச் செயலில் எனக்கு வேறு தெரிவு இல்லாதபடியால், அது என் செயல் ஆகாது.’ சார், இதுல முதல் பாதி சரி. ரெண்டாவது பாதி சரியில்லை.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா?”

“இல்லைங்க சார். ஆயிரம் தடவை ஓட்டினாங்க. ஆயிரம் தடவையும் செஞ்சது நான்தான்.”

பொட்டலங்களைப் பற்றி அவள் சொல்லச்சொல்ல, அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். சிதம்பரதாணு பொறுக்கமாட்டாமல் எழுந்துவிட்டார்.

“ஏ உலகம்மா, கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? இத யாராவது கேட்டாவளா? மிஷினே இல்லங்கு. நீ எதுக்கும்மா வலியப் போய்த் தலையக் கொடுக்க? ஒரு கையெழுத்து. போட்டுட்டு வா, வீட்டுக்குப் போவோம்.”

“உக்காருங்க சார். நீங்க எனக்கு நல்லதுதான் நினைக்கிறீங்க” என்றாள் அவள்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். “கையெழுத்துப் போடலைன்னா பழைய சட்டத்துக்குக் கீழ கேஸ் போகும். இந்த மூணு வருஷத்துல யாருமே அப்படிப் போகலை. ஜெயிலுக்குக்கூடப் போகவேண்டி வரலாம். யோசிச்சுத்தான் பேசறீங்களா?”

“யோசிச்சுத்தான் சார்.”

“அப்படீன்னா ஒரு நடைமுறை இருக்கு. சுயநினைவோட மறுக்கிறீங்களா, இல்லை துக்கத்துல அப்படித் தோணுதான்னு பாக்கணும். இந்த மறுப்பையும் ஒருதரம் ஓட்டிப் பாத்துடுவோம். பட்டையை மாட்டிக்கோங்க.”

ஹமீதா நெற்றிப்பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். “அஞ்சு நிமிஷம்தான் மேடம்” என்றாள், கெஞ்சுவதுபோல. “ஒருவேளை சிதறல்னு வந்தா, இந்த மறுப்பே செல்லாமப் போயிடும். நீங்க தப்பிச்சுடலாம்.”

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஜெபக்கனியின் முகத்தில் இரக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நாற்பது நாளில் தன்னை முழுதாக ஒரு ஆளாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்று உலகம்மாளுக்குப் பட்டது.

“வேண்டாம்மா” என்றாள் ஹமீதாவிடம். “ஓட்டினா ஆயிரமும் ஒண்ணாத்தான் வரும்.”

பட்டையை அவள் கையிலிருந்து வாங்கி, மடிப்பு விழாமல் மேசைமேல் வைத்து, மெல்ல அந்தப் பக்கம் தள்ளினாள்.